டப்பா திறக்காத கத்தி எதற்கு?

லண்டன். 1940 நவம்பர். ராத்திரியானால் ஜெர்மன் விமானங்கள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போகும் காலம்.

வில்கின்சன் ஸ்வோர்டு கம்பெனியின் ஆபீசுக்கு இரண்டு பேர் வருகிறார்கள். (ஷேவிங் ப்ளேடில் பெயர் பார்த்திருப்பீர்களே, அதே வில்கின்சன்தான். ஒரு காலத்தில் வாள் செய்தவர்கள்!) வந்தவர்களில் ஒருவர் ஃபேர்பெர்ன், வயது 55. இன்னொருவர் சைக்ஸ். ரெண்டு பேருமே ஷாங்காய் போலீஸில் குப்பை கொட்டி, அந்த ஊர் ரவுடிகளோடு கட்டிப் புரண்டு அனுபவப்பட்டவர்கள். இப்போது பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குக் கைகலப்பு சொல்லித்தரும் வாத்தியார்கள்.

கமாண்டோக்களுக்கு ஒரு கத்தி வேண்டும். எப்படிப்பட்ட கத்தி? வாயால் சொல்லிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஃபேர்பெர்ன் சட்டென்று எழுந்து மேஜை மேலிருந்த மர ஸ்கேலை எடுத்துக்கொள்ள, இரண்டு பெரியவர்களும் அந்த ஆபீஸ் ரூமுக்குள் சுற்றிச் சுற்றி வந்து கத்திச் சண்டையை நடித்தே காட்டினார்களாம். வில்கின்சன் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது.

1941 ஜனவரியில் முதல் 50 கத்திகள் தயார். ஊசி மாதிரி முனை, இரண்டு பக்கமும் கூர், ஒல்லி உடம்பு. பார்த்தாலே அடிவயிற்றில் சில்லென்னும். ஃபேர்பெர்ன்-சைக்ஸ் கத்தி என்று உலகமெல்லாம் பெயர் வாங்கிவிட்டது. இன்றைக்கும் பிரிட்டிஷ் கமாண்டோக்களின் சின்னம் இந்தக் கத்திதான்.

எல்லாம் சரி. சிப்பாய் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனானே, முதலில் என்ன செய்தான் தெரியுமா? பசித்தது. டப்பாவைத் திறந்தான். டப்பா காலியானதும் அடுத்த சப்ளை வந்த கள்ளிப்பெட்டியின் மூடியை நெம்பினான்.

'டக்!'

முனை போச்சு.

தப்பு யார்மேல்? கத்திமேல் இல்லை. குத்துவதற்காகவே பிறந்த கத்தி அது. அந்த வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை. சிப்பாய்மேலும் இல்லை, பாவம், பசிக்கிறவன் வேறு என்ன செய்வான்? ஒரு சிப்பாயின் நாள் எப்படிக் கழிகிறது என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. தப்பு அங்கேதான்.

ஒரு நாள் கணக்கு

'சிப்பாய்க்குக் கத்தி எதுக்கு சார்? எதிரியைக் குத்தத்தானே?' என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்விதான். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆனால், துப்பாக்கி வந்த பிறகு கத்தியால் சண்டை போட வேண்டிய நிலைமை ஒரு சிப்பாய்க்குச் சர்வீஸ் முழுக்க ஒருமுறைகூட வராமல் போகலாம். மற்ற வேலைகளோ விடிந்தால் வந்து நிற்கும். கூடாரக் கயிறு அறுக்கணும். முளைக்குச்சி சீவணும். விறகு பிளக்கணும். வயரின் தோலை உரிக்கணும். பூட்ஸில் அப்பிய சேற்றைச் சுரண்டணும். வெங்காயம் நறுக்கணும். அடிபட்டவனின் சட்டையைக் கிழித்துக் காயத்தைப் பார்க்கணும்.

இத்தனைக்கும் ஒரே கத்தி. ஒடிந்தால் பக்கத்துத் தெருக் கடையில் வேறு வாங்க முடியாது.

நம் ஆபீசுகளிலும் இது நடப்பதுதான். ஹெட் ஆபீஸில் ஒருவர் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து 32 காலம் போட்டு ஒரு ரிஜிஸ்டர் தயாரிப்பார். அதை நிரப்புகிற கிளார்க்குக்கு வேண்டியது நாலே காலம். அந்த நாலுக்கும் ரிஜிஸ்டரில் இடம் இருக்காது! ராணுவக் கத்தியின் சரித்திரமே இந்த ரிஜிஸ்டர் கதைதான்.

அமெரிக்கா படித்த பாடம்

முதல் உலகப் போரில் அமெரிக்கர்கள் 1918-ல் ஒரு கத்தி செய்தார்கள். கைப்பிடியே வெண்கலத்தில் வார்த்த முஷ்டி. நாலு விரலையும் நாலு வளையத்துக்குள் நுழைத்துக்கொண்டு குத்தலாம், இடிக்கலாம். பயங்கர ஐட்டம்! ஆனால், விரல் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டால் கத்தியைக் கையில் திருப்பிப் பிடிக்க முடியாது. ஒரு குச்சியை ஒழுங்காகச் சீவ முடியாது. போதாக்குறைக்கு, போர்க்காலத்தில் கிடைக்காத செம்பு அந்தக் கைப்பிடிக்குள் போய் முடங்கியது.

அடுத்தது 1942. ஜப்பானோடு பசிபிக் தீவுகளில் சண்டை. அமெரிக்க மரைன் படையில் 'ரெய்டர்' என்ற அதிரடிப் பிரிவு கிளம்பியது. அவர்களுக்கு ஃபேர்பெர்ன்-சைக்ஸ் கத்தியைப் பார்த்து அதே ஜாடையில் ஒரு குத்துவாள். பதினான்காயிரத்துச் சொச்சம் செய்தார்கள். செம்பு, பித்தளையை மிச்சம் பிடிக்கக் கைப்பிடியைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். அந்தக் கைப்பிடி நாளாக ஆக வெடித்து உதிர்ந்தது. ப்ளேடோ, டப்பா திறந்தால் ஒடிகிற ஜாதி. ஆக, பிடியும் போச்சு, நுனியும் போச்சு.

சிப்பாய்கள் என்ன செய்தார்கள்? சர்க்கார் கத்தியை நம்பாமல் சொந்தக் காசில் வேட்டைக் கத்தி வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள்! மான் உரிக்கிற, விறகு வெட்டுகிற, காட்டில் ரொட்டி அறுக்கிற சாதாரணக் கத்தி. கடைக்காரனுக்கும் வேட்டைக்காரனுக்கும் தெரிந்த விஷயம் ராணுவத்துக்குத் தெரியாமல் போயிற்று.

நல்லவேளை, மேலதிகாரிகளில் சிலருக்குக் கண் திறந்தது. மரைன் படையின் கர்னல் ஜான் டேவிஸ், மேஜர் ஹோவர்ட் அமெரிக்கா (ஆமாம், அவர் பெயரே அமெரிக்காதான்!) இருவரும் கத்திக் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்தார்கள். மார்பிள்ஸ் என்ற கம்பெனியின் வேட்டைக் கத்தியை முன்னால் வைத்துக்கொண்டு, அதையே கொஞ்சம் நீளமாக, கொஞ்சம் பலமாக மாற்றினார்கள். 1942 நவம்பரில் மரைன் படை அதை ஏற்றுக்கொண்டது.

7 அங்குல ப்ளேடு. ஒரு பக்கம் மட்டும் கூர். முதுகுப் பக்கம் தடிமன். தோல் வட்டுகளை வடை மாலை மாதிரி அடுக்கி இறுக்கிய கைப்பிடி. வெயிலில் மின்னாமலிருக்கச் சாம்பல்-கறுப்புப் பூச்சு. இதுதான் பிற்பாடு 'கா-பார்' என்று பெயர் வாங்கிய கத்தி. இன்றைக்கும் நியூயார்க் மாநிலத்தின் ஓலியன் என்ற ஊரில் செய்கிறார்கள்.

அதென்ன கா-பார்? கம்பெனி ஒரு கதை சொல்லும். எவனோ ஒரு காட்டு வேட்டைக்காரன், துப்பாக்கி மக்கர் பண்ணியபோது உங்கள் கத்தியால்தான் கரடியைக் கொன்றேன் என்று கோழிக் கிறுக்கலில் கடிதம் போட்டானாம். 'கில் எ பேர்' என்று அவன் எழுதியதில் படிக்க முடிந்தது 'கா பார்' மட்டும். அதையே முத்திரைப் பெயராக வைத்துவிட்டார்கள்! கரடி நிஜமோ விடலோ, பெயர் நின்றுவிட்டது.

ராணுவ ரிக்கார்டில் அந்தக் கத்திக்குக் கொடுத்த பெயரைக் கவனியுங்கள்: 'சண்டை மற்றும் உபயோகக் கத்தி'. அந்த 'உபயோக' என்கிற வார்த்தை உள்ளே நுழைவதற்குள் எத்தனை முனை ஒடிந்திருக்கிறது!

இப்போது நீங்களே டிசைனர்

சரி, உங்களிடம் ஒரு பென்சிலும் பேப்பரும் கொடுத்து, 'சிப்பாய்க்கு ஒரு கத்தி வரைஞ்சு குடுப்பா' என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? வரிசையாகப் பார்ப்போம்.

நீளம்: இளரத்தம் முதலில் நீளமாகத்தான் வரையும். அங்குலம் கூடினால் எடை கூடும், ஜீப்பில் ஏறும்போது சீட்டில் இடிக்கும். சின்ன வேலைக்கு நீளக் கத்தி தொந்தரவு. பட்டாக்கத்தியால் பென்சில் சீவிப் பாருங்கள், புரியும். அமெரிக்கர்கள் 1950-களின் கடைசியில் பைலட்டுகளுக்காக ஒரு கத்தி செய்தார்கள். முதலில் 6 அங்குலம் வைத்தார்கள். சில வருஷத்திலேயே 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஸ்வீடன் விமானப்படை 1995-ல் தேர்ந்தெடுத்த ஃபால்க்னிவன் எஃப்-1 கத்தியின் ப்ளேடு வெறும் 97 மில்லிமீட்டர். நாலு அங்குலம்கூட இல்லை. பனிக்காட்டில் தனியாக விழுந்த பைலட்டுக்கு அது போதும் என்பது அவர்கள் தீர்மானம். விறகு பிளக்க வேண்டுமா? விறகின்மேல் கத்தியை வைத்து, இன்னொரு கட்டையால் அதன் முதுகில் தட்டினால் போகிறது!

தடிமன்: இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான கணக்கு. ப்ளேடின் தடிமனை 4 மி.மீட்டரிலிருந்து 5 மி.மீ. ஆக்கினால் அது வளையாமல் நிற்கும் விறைப்பு எவ்வளவு கூடும்? கால் பங்கு என்று சொல்வீர்கள். இல்லை. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! விறைப்பு, தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 4x4x4 என்றால் 64. 5x5x5 என்றால் 125. அவ்வளவுதான் கணக்கு.

'அப்படின்னா 8 மி.மீ. வெச்சுடலாமே சார்?'

வைக்கலாம். அப்புறம் அது கத்தி இல்லை, கடப்பாரை. வெங்காயத்தை நறுக்காது, பிளக்கும். நெம்புவதற்குத் தடிமன் வேண்டும். அறுப்பதற்கு மெலிசு வேண்டும். இரண்டும் ஜென்ம விரோதிகள். அதனால்தான் நல்ல கத்திகளில் முதுகு தடிமனாக இருந்து கூர்பக்கம் போகப்போக மெலியும். ஊசி முனையைக் கைவிட்டு, முனைக்குக் கொஞ்சம் சதை வைப்பதும் இதனால்தான்.

நடுவே ஒரு சின்னத் திருத்தம். கா-பார் மாதிரி கத்திகளின் உடம்பில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறதே, அது ரத்தம் வழிந்தோட என்று டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொல்வார். நம்பாதீர்கள். எடையைக் குறைத்து விறைப்பை அதிகம் இழக்காமலிருக்கத்தான் அந்தப் பள்ளம். ரத்தத்துக்கு வாய்க்கால் வெட்டித்தர வேண்டியதில்லை.

ஸ்டீல்: முறுக்கும் அல்வாவும் தெரியுமில்லையா? முறுக்கு கடினம், வளைக்கப் பார்த்தால் 'படக்'கென்று ஒடியும். அல்வா ஒடியவே ஒடியாது, ஆனால் அதை வைத்து எதை அறுப்பது? இரும்பும் அப்படித்தான். கார்பன் சேர்த்து, பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர வைத்தால் கடினமாகும், கூர் நிற்கும், ஒடியவும் ஒடியும். மறுபடி லேசாகச் சூடுகாட்டினால் கொஞ்சம் கடினம் போய் உறுதி வரும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் கொல்லனின் சாமர்த்தியம்.

கடினத்தை அளக்க ராக்வெல் என்று ஓர் அளவு இருக்கிறது. ஜப்பான் சமையல் கத்திகள் 60-ஐத் தாண்டும். சிப்பாய்க் கத்தி பெரும்பாலும் 54-லிருந்து 58-க்குள். ஏன் குறைவு? கூர் மழுங்கினால் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்துக்கொள்ளலாம். ஒடிந்தால்?

நேபாளத்தில் கூர்க்காக்களின் குக்ரி செய்யும் கொல்லர்கள் இந்தப் பிரச்னையை லேபரட்டரி இல்லாமலே தீர்த்துவிட்டார்கள். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டைதான் மூலப்பொருள். (நம்மூர்ப் பட்டறையில் அரிவாள் அடிப்பதும் அதில்தானே!) பழுத்த ப்ளேடை முழுசாகத் தண்ணீரில் போட மாட்டார்கள். டீ கெட்டிலில் தண்ணீர் எடுத்துக் கூர்பக்கத்தில் மட்டும் வரிசையாக ஊற்றுவார்கள். கூர்பக்கம் முறுக்கு; முதுகு அல்வா. ஒரே இரும்பில் இரண்டு குணம்!

வால்: கத்தியின் மர்ம ஸ்தானம் இதுதான். வெளியே தெரியாது. ப்ளேடு கைப்பிடிக்குள் நுழைந்து போகிறதே, அந்த வால் பகுதி. பல கத்திகள் ஒடிவது ப்ளேடும் வாலும் சந்திக்கிற முக்கில். அந்த மூலையை 'ட' மாதிரி செங்குத்தாக வெட்டிவிட்டால் தீர்ந்தது. ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவர் முதலில் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போடுவார், அப்புறம் 'சர்ர்'ரென்று ஒரே இழுப்பு. பார்த்திருப்பீர்கள். செங்குத்து மூலை, இரும்புக்கு அந்தச் சின்ன வெட்டு. விரிசல் அங்கே ஆரம்பிக்கும். மூலையை வளைவாக உருட்டிவிட்டால் கத்தியின் ஆயுள் கூடும். செலவு? அனேகமாக ஒன்றுமில்லை. டிராயிங்கில் ஒரு வளைவு, அவ்வளவுதான்.

இங்கே ராம்போ ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். 1982-ல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்தில் ஸ்டாலோன் வைத்திருந்த கத்தியை ஜிம்மி லைல் என்ற கைதேர்ந்த கத்திக்காரர் செய்தார். கைப்பிடி வெறும் குழாய். உள்ளே தீக்குச்சி, தூண்டில் நூல், ஊசி! அவர் செய்தது பலமான சாமான். படம் ஓடியதும் உலகமெங்கும் மலிவு நகல்கள் புறப்பட்டன பாருங்கள், அவற்றின் கதை வேறு. குழாய்க்குள் சாமான் வைக்க இடம் வேண்டுமென்றால் வாலை வெட்டியாக வேண்டும். வால் போனால் ப்ளேடு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? ஓங்கி நாலு போடு போட்டால் கைப்பிடி உங்கள் கையில், ப்ளேடு கட்டையில்!

கைப்பிடி: உருண்டையாக வைத்தால் இருட்டில் கூர் எந்தப் பக்கம் என்று தெரியாது. கோழி முட்டை மாதிரி நீள்வட்டம் வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் விரலுக்குத் தெரியும். தோல் பிடி கைக்குச் சுகம்தான், ஆனால் ஈரத்தில் ஊறும், பூஞ்சை பிடிக்கும். இரும்புப் பிடி பனியில் கையோடு ஒட்டும். அதனால்தான் பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் மாறினார்கள். விரல் வழுக்கி ப்ளேடின்மேல் போய்விடாமல் ஒரு தடுப்பும் வேண்டும். முடிவாக டெஸ்ட் எங்கே? ஆபீஸில் காபி குடித்துவிட்டுத் தெம்பாகப் பிடித்துப் பார்ப்பது டெஸ்ட் அல்ல. கையில் எண்ணெய் தடவி, அப்புறம் க்ளவுஸ் போட்டு, அப்புறம் இடது கையால், அப்புறம் ராத்திரி ஒரு மணிக்கு இருட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

உறை: கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவர் மாதிரி, வேலை முழுக்க அவருடையது, பேர் மட்டும் கிடைக்காது. ஓடும்போது கத்தி கழன்று விழக் கூடாது. 'கிளிங் கிளிங்' என்று சத்தம் போடக் கூடாது. விழுந்து உருண்டால் முனை உறையைக் கிழித்துத் தொடைக்குள் இறங்கக் கூடாது. அடியில் ஒரு ஓட்டை இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே தங்கித் துரு ஏறும். அமெரிக்க பைலட் கத்தியின் உறையில் ஒரு குட்டிப் பை தைத்து சாணைக்கல் வைத்தார்கள். கத்தி எங்கே போனாலும் சாணை பிடிக்கிறவரும் கூடவே போகிற மாதிரி!

கமிட்டி கூடுகிறது

உங்கள் டிராயிங் முடிந்துவிட்டது. இப்போதுதான் ஆபத்து. கமிட்டிக்குப் போகும்.

'ஒரு ரம்பம் இருந்தா நல்லாயிருக்குமே?'

'கம்பி வெட்டுற மாதிரி செய்யுங்களேன்.'

'பாட்டில் ஓப்பனர்?'

'அப்படியே ஒரு திசைகாட்டி...'

எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் கத்தி, கல்யாண சீர்வரிசைத் தட்டு மாதிரி ஆகிவிடும். அதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடவும் முடியாது. ஏனென்றால், கமிட்டி சில சமயம் சரியாகவும் சொல்லும்!

அமெரிக்க பைலட் கத்தியின் முதுகில் ரம்பப் பல் இருக்கிறது. 'மரமே அறுக்கலியே, டூப்ளிகேட்டு!' என்று திட்டுகிறவர்கள் உண்டு. அது மரத்துக்கு வைத்ததே இல்லை. விழுந்த விமானத்துக்குள் மாட்டிக்கொண்ட பைலட், அலுமினியத் தகட்டைக் கிழித்து வெளியே வர வைத்தது. அந்த ஒரு வேலைக்காக, அந்த ஒருவனுக்காக அந்தப் பல். அதுபோல ரஷ்யர்கள் 1959-ல் ஏ.கே.எம். துப்பாக்கியின் கத்தியில் ஓர் ஓட்டை போட்டார்கள். உறையில் ஒரு முளை. ஓட்டையை முளையில் மாட்டினால் கத்தியும் உறையும் சேர்ந்து கத்தரிக்கோல்! முள்கம்பி வெட்டலாம். மின்சாரம் பாய்கிற வேலியாக இருந்தால் ஷாக் அடிக்காமலிருக்கப் பிடி பிளாஸ்டிக், உறைமேல் ரப்பர். அமெரிக்கர்களே 1986-ல் தங்கள் எம்-9 கத்திக்கு இந்த ஐடியாவை எடுத்துக்கொண்டார்கள். அப்போது பனிப்போர் முடியவில்லை. நல்ல ஐடியாவுக்குப் பகை தெரியாது.

பாட்டில் ஓப்பனர்? சிரிக்காதீர்கள். ஆஸ்திரியாவில் க்ளாக் என்றொரு கம்பெனி. உலகமே அறிந்த க்ளாக் பிஸ்டலை ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்டது 1982-ல். அதற்கு முன்பே, 1978-ல், அந்தக் கம்பெனி ராணுவத்துக்குச் செய்தது ஒரு கத்தி. 165 மி.மீ. ப்ளேடு, ஸ்பிரிங் ஸ்டீல், பிளாஸ்டிக் பிடி, எடை சுமார் 200 கிராம். அலங்காரம் கிடையாது. ராக்வெல் 55-தான், அதிகம் கூர் தாங்காது, சுலபத்தில் ஒடியவும் ஒடியாது. அதன் கைத்தடுப்பின் மேல்நுனியைக் கொஞ்சம் முன்னால் வளைத்துவிட்டார்கள். கை வழுக்காமல் தடுக்கும், சோடா மூடியையும் திறக்கும்! புதிதாக எதையும் ஒட்டவில்லை. ஏற்கெனவே இருந்த தகட்டை வளைத்தார்கள். ப்ளேடில் கை வைக்கவே இல்லை.

கமிட்டி சொல்வதில் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்பதற்கு இது நல்ல அளவுகோல். புது வசதியால் கத்தியின் பழைய வேலை எதுவும் கெடவில்லையா? சரி, வை. கெடுகிறதா? நமஸ்காரம், போய் வா.

இன்னொரு விஷயம். ராணுவத்துக்கு ஒரு கத்தி செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் போதாது. லட்சக்கணக்கில் வேண்டும். கா-பார் டிராயிங்கை வைத்துக்கொண்டு போர்க்காலத்தில் கமிலஸ், யூனியன், பால், ராப்சன் என்று நாலு கம்பெனிகள் செய்தன. எந்தக் கம்பெனி செய்தாலும் அதே கத்தி வர வேண்டும். ஒரே ஒரு உஸ்தாத் கையில்தான் சரியாக வரும் என்றால் அது கலைப்பொருள். சிப்பாய் சாமான் ஆகாது.

இரண்டு குட்டித் தம்பிகள்

ஒரே கத்தி எல்லா வேலையும் செய்யணும் என்று ஏன் அடம் பிடிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கும் குக்ரியிடம் பதில் இருக்கிறது. நம் ராணுவத்தின் ஏழு கூர்க்கா ரெஜிமென்ட்டுகளின் அடையாளமே அதுதான். குக்ரியின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் இரண்டு குட்டி சாமான்கள் செருகியிருக்கும். ஒன்று 'கர்தா', சின்னக் கத்தி. காய் நறுக்க, முள் எடுக்க. இன்னொன்று 'சக்மக்', கூர் இல்லாதது. பெரிய கத்தியின் கூரைச் சரிசெய்ய, கல்லில் உரசித் தீப்பொறி எடுக்க. அண்ணன் மரம் வெட்டுவான், தம்பிகள் சில்லறை வேலை பார்ப்பார்கள். கூட்டுக் குடும்பம்!

அமெரிக்கர்களும் 1942-ல் ஒரு தம்பியைக் கண்டுபிடித்தார்கள். பி-38 என்று பெயர். ஒன்றரை அங்குலத் தகரம், மடக்குகிற ஒரு சின்னக் கொக்கி. டப்பா திறப்பான்! அவ்வளவுதான் அது. சிப்பாய்கள் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டார்கள். எத்தனை கத்திகளின் முனையை அந்தத் துண்டுத் தகரம் காப்பாற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சரித்திரத்தில் குத்துவாளுக்குச் சிலை இருக்கிறது, டப்பா திறப்பானுக்கு இல்லை.

யாரைக் கேட்பது?

கத்தி டிசைன் செய்வதில் வீரம் தேவையில்லை. விசாரணைதான் தேவை. நேற்று என்ன வெட்டினாய், எதை நெம்பினாய், எங்கே வழுக்கியது, எது ஒடிந்தது என்று கத்தியை இடுப்பில் கட்டியவனிடம் கேட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தால் பாதி டிசைன் முடிந்த மாதிரி. ஃபேர்பெர்னும் சைக்ஸும் கைகலப்பில் புலிகள். தங்களுக்குத் தெரிந்த வேலைக்குக் கனகச்சிதமான கத்தியைத்தான் வரைந்தார்கள். டப்பா திறக்கிறவனை யாரும் அந்த ரூமுக்குள் கூப்பிடவில்லை.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு முக்கியம்? ஒரு நிமிஷம் இப்படி நினைத்துப் பாருங்கள். ராத்திரி. ஆற்றோரப் பாதையில் ஜீப் ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே ஒருத்தன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு தொங்குகிறான். தண்ணீர் ஏறுகிறது. வெளியே இருப்பவன் கையில் இருப்பது ஒரே ஒரு கத்தி. காலையில் டப்பா திறந்த, மத்தியானம் முளைக்குச்சி சீவிய, சாயங்காலம் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்துவைத்த அதே கத்தி. ஈரக் கையில் அது வழுக்கக் கூடாது. கதவை நெம்பும்போது ஒடியக் கூடாது. பெல்ட்டை ஒரே இழுப்பில் அறுக்கணும்.

எதிரியே இல்லாத சண்டை அது. கத்தி ஜெயிக்க வேண்டியது அங்கேதான்.